ஒன்றாம் எண் தாள்

“ஏழு வருசமா நான் சொன்னதைக் கேட்ட மிஷின், தாயி. இப்ப என் பொண்ணு கல்யாணம்னு வந்ததும் புத்தியைக் காட்டுது.”

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே தனுஷ்கோடி இதைச் சொல்லிவிட்டார்.

சண்முகக்கனி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முன்னால் ஒரு பிரிண்டர் வயிறு திறந்து கிடந்தது.

“உக்காருங்க அண்ணாச்சி,” என்றாள்.

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்து நான்கு. அச்சுப்பிழை இல்லை, அப்படித்தான்.

தனுஷ்கோடி முப்பத்தொரு வருடம் ஆப்செட் மிஷின் ஓட்டியவர். அச்சகம் இல்லாத தெருவே இல்லாத ஊர் அது. அந்த ஊரிலேயே தாளை விரலால் தடவி அதன் கனத்தைச் சொல்லக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அவர்களில் இவர் ஒருவர். அதை யாராவது மறந்திருந்தால் அவரே ஞாபகப்படுத்திவிடுவார்.

ஏழு வருடம் முன்பு வேலையை விட்டுச் சொந்தக் கடை போட்டார். யாரோ ஓட்டிச் சலித்த ஒரு கலர் லேசர் பிரிண்டரை வாங்கி வைத்தார். மகள் முத்துமீனாவின் பெயரில் ‘மீனா பிரிண்டர்ஸ்’ என்று பலகை மாட்டினார்.

அவர் அடித்த ஒவ்வொரு பத்திரிகையிலும் வலது கீழ் மூலையில் அந்தப் பெயர் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். அதை ஒருமுறை உற்றுப் பார்க்காமல் அவர் எந்தக் கட்டையும் கட்டிக் கொடுத்ததில்லை.

சண்முகக்கனி பிரிண்டர் மெக்கானிக். பூட்டுக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஊரில் எந்தப் பிரிண்டர் படுத்தாலும் கடைசியில் அவளிடம்தான் வரும். முதலில் எல்லாரும் தாங்களே ஒரு கை பார்த்துவிட்டு வருவார்கள்.

தனுஷ்கோடியும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து அவள் மேஜையில் வைத்தார். மகளின் கல்யாணப் பத்திரிகை.

வலது ஓரத்தில் மூன்று கறைகள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். மூன்றாவது கறை சரியாக ‘மீனா பிரிண்டர்ஸ்’ மேல் விழுந்திருந்தது.

“என்னவெல்லாம் செஞ்சீங்க?”

“என்ன செய்யல? மஞ்சள் டோனர் கக்குதோன்னு புதுசு போட்டேன். வரல. டிரம் மாத்தினேன். வரல.”

“எது வரல?”

“வெள்ளைத் தாள் வெள்ளையா வரல! பெல்ட்டைத் துடைச்சேன். உள்ள சூடு பண்ற பியூசரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினேன். மாட்டின கையோட அடிச்சுப் பாத்தா, மறுபடியும் மூணு.”

“அதே மூணா?”

“அதே மூணு. அதே இடம்.”

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பி அதன் முதுகையும் பார்த்தாள்.

தனுஷ்கோடிக்கு ஒன்றும் சொல்லாதவர்களைப் பிடிக்காது.

“சாதாரண வேலைன்னா விட்ருவேன், தாயி. சம்பந்தி ரத்தினவேல் இருக்காரே, அவருக்கு நாலு கலர் ஆப்செட் மிஷினே ரெண்டு ஓடுது. ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம், மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையோட உங்க வீட்டதையும் சேத்து நானே ஓட்டிக் குடுத்துர்றேன்’னார். நான் முடியாதுன்னுட்டேன். என் பொண்ணு பத்திரிகை என் மிஷின்லதான் வரும், கீழ என் பேர்தான் இருக்கும்னு சபையில வச்சுச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“சிரிச்சார்.”

“அவ்வளவுதானா?”

“‘வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்போம்’னார்.” தனுஷ்கோடியின் குரல் இறங்கியது. “சிரிச்சதைக்கூட பொறுத்துக்குவேன். அந்த ‘பாப்போம்’தான் தூங்க விட மாட்டேங்குது.”

அன்று செவ்வாய்க்கிழமை.

சண்முகக்கனி இழுப்பறையைத் திறந்தாள். ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“கறைக்கும் கறைக்கும் எவ்வளவு தூரம்னு அளங்க.”

“அளக்க எதுக்கு? கண்ணுல தெரியுது. பத்து சென்டிமீட்டர் இருக்கும்.”

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

தனுஷ்கோடி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முப்பத்தொரு வருட அனுபவத்தைக் கொண்டு வந்தவர் கையில் பள்ளிக்கூடத்து ஸ்கேல். யாராவது படியேறி வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஒன்பதரை,” என்றார்.

“அடுத்தது?”

“அதுவும் ஒன்பதரை.”

“ஒரே தூரம் விட்டு விட்டு விழுந்தா, அது ஏதோ ஒரு உருளையோட சுத்தளவு. ஒரு சுத்துக்கு ஒரு தடவை வந்து ஒத்துது.”

“எந்த உருளை?”

“உங்க மிஷின்ல ஒன்பதரைன்னா பியூசர்.”

“அதைத்தான் கழட்டிச் சுத்தம் பண்ணினேன்னு சொல்றேனே!”

“பண்ணினீங்க. சுத்தமாச்சா?”

“கண்ணாடி மாதிரி ஆச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் மறுபடி வந்துருச்சு.”

“அதுவா வந்துச்சா, யாராவது கூட்டிட்டு வந்தாங்களா?”

தனுஷ்கோடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என் கடையில என்னைத் தவிர யாரும் மிஷின்ல கை வைக்கிறதில்ல,” என்று எழுந்துவிட்டார். எழுந்தவர் கண்ணில் சுவர் பட்டது.

சுவர் முழுக்கத் தாள்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் கெட்டுப்போன தாள்கள். நெடுகக் கோடு விழுந்தது ஒன்று. மேலே அடித்த படமே கீழே மங்கலாக இன்னொரு தடவை வந்தது ஒன்று. கலர் விலகிப்போய் மாப்பிள்ளைக்கு இரண்டு மூக்கு முளைத்தது ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவால் காரணம் எழுதியிருந்தது. டிரம் கீறல். பெல்ட். தாளில் ஈரம். ஒன்றின் அடியில் ‘எலி’ என்று மட்டும்.

“சாமி படம் மாட்டுற சுவத்துல ஊர்க் குப்பையை மாட்டி வச்சிருக்கியே,” என்றார்.

“இதெல்லாம் வாடிக்கைக்காரங்க கைக்குப் போகாம இங்கயே நின்ன தாளு, அண்ணாச்சி. எனக்கு அதுல ஒரு பெருமை.”

பெருமையைப் பற்றித் தனுஷ்கோடிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விறுவிறுவென்று படி இறங்கிவிட்டார்.

பாதித் தெரு போன பிறகுதான் ஸ்கேல் சட்டைப் பையில் இருப்பது தெரிந்தது.

*

புதன்கிழமை காலை வந்தார்.

“ஸ்கேலைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“வைங்க.”

வைத்தார். போகவில்லை.

“பியூசரை இன்னொரு தடவை கழட்டிட்டேன்,” என்றார் சிறிது நேரம் கழித்து. “முகம் தெரியுற அளவுக்குத் துடைச்சேன். மாட்டினேன். பிள்ளையாரைக் கும்பிட்டு ஆரம்பிச்சேன்.”

“மூணு?”

“மூணு.”

அவள் தேநீர் ஊற்றி ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீ ஒரு நடை வந்து மிஷினைப் பாக்க மாட்டியா, தாயி?”

“பாத்துட்டேனே.”

“எப்ப பாத்த?”

அவள் முந்தின நாள் அவர் விட்டுப்போன தாளைக் காட்டினாள்.

தனுஷ்கோடி தேநீரை ஒரே மடக்காகக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

“ஒரு கட்டு எத்தனை தாள் போடுவீங்க?”

“கனமான தாளு. ட்ரேல அம்பதுக்கு மேல பிடிக்காது.”

“இன்னைக்கு ரெண்டு கட்டு அடிங்க. பத்திரிகையவே அடிங்க. தினமும் என்ன செய்வீங்களோ அப்படியே செய்ங்க. ஒண்ணைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வெளிய வர வர ஒவ்வொரு தாளுக்கும் முதுகுல பென்சிலால நம்பர் போடுங்க. நாளைக்குக் கொண்டாங்க.”

“நூறு தாளு வீணாப் போகுமே.”

“இப்ப வர்றது மட்டும் பந்தியில வைக்கவா போகுது?”

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். ஸ்கேலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை தெரிந்தே எடுத்தார்.

படியில் நின்று திரும்பினார்.

“ஒருவேளை மிஷினுக்கு வயசாயிருச்சோ?”

“வயசானா என்ன அண்ணாச்சி?”

தனுஷ்கோடியின் தலைமுடி முழுக்க வெள்ளை. தலையைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

*

வியாழக்கிழமை மதியம் கட்டோடு வந்தார். நடையில் வேகம் இல்லை.

“ரெண்டு கட்டும் இருக்கு. பாத்துக்கோ. நாளைக்குக் காலையில சம்பந்திக்குப் போன் போட்டு, நீங்களே ஓட்டிருங்கன்னு சொல்லிரப் போறேன்.”

“சொல்லுங்க. நாளைக்குக் காலையிலதானே? இப்ப இதைத் தரையில பரப்புங்க. நம்பர் வரிசையா.”

இருவரும் முட்டி போட்டுப் பரப்பினார்கள். அறை போதவில்லை. கடைசி வரிசை வாசல் நடை வரைக்கும் போயிற்று. வரிசை வரிசையாக முத்துமீனாக்கள் மாப்பிள்ளைகளோடு தரையில் கிடந்தார்கள்.

“இப்ப மொதல்ல இருந்து நடந்து பாத்துட்டு வாங்க.”

“நடக்கவா?”

“மிதிச்சிராம.”

தனுஷ்கோடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். பத்தாவது தாளில் நின்றார். முப்பதில் குனிந்து, தாளைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். நாற்பதைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

“ஏ தாயி.”

“சொல்லுங்க.”

“போகப் போகக் குறையுது.”

“குறைஞ்சு?”

“நாப்பத்தாறுல இல்ல. நாப்பத்தேழுலயும் இல்ல. தாளு பளிச்சுன்னு இருக்கு.” அவர் குரல் உயர்ந்தது. “பேர் சுத்தமா இருக்கு! இதை நான் பாக்கவே இல்லையே!”

உண்மைதான். மூன்று நாளாக அவர் முதல் பத்துத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு மிஷினை நிறுத்தியவர். நம்பர் போட்டபோதும் தாளின் முதுகைத்தான் பார்த்தார்.

“மிஷின் தன்னைத்தானே துடைச்சுக்குது, அண்ணாச்சி. ஒவ்வொரு தாள்லயும் கொஞ்சம் கொஞ்சமா. நாப்பத்தஞ்சு தாள்ல துடைச்சு முடிச்சிருது.”

“வயசான காலத்துல பாவம்,” என்றார் தனுஷ்கோடி. மூன்று நாளாக அதை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார்.

“மேல நடங்க.”

நடந்தார். இரண்டடி தள்ளி நின்றுவிட்டார்.

“அம்பத்திரெண்டுல மறுபடி வந்துருச்சு. மூணும் அழுத்தமா வந்துருச்சு.”

“ம்.”

“ஏன்?”

அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் வரிசையின் தொடக்கத்துக்குப் போனாள். முதல் தாளைத் திருப்பினாள். பென்சில் எண்ணைப் பார்த்தாள்.

“இதுல ரெண்டுன்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“ஒண்ணாம் நம்பர் தாள் எங்க?”

“அது சாமிகிட்ட இருக்கு.”

“அம்பதுக்கு அடுத்து அம்பத்திரெண்டு கிடக்கு. அம்பத்தொண்ணு?”

“அதுவும் சாமிகிட்டதான்.”

“எதுக்கு?”

“மஞ்சள் வச்ச தாளை எப்படித் தாயி தரையில...”

நின்றுவிட்டார்.

கீழே பூட்டுக் கடையில் யாரோ சாவி ராவிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

அவள் இரண்டாம் எண் தாளைத் தரையில் திரும்ப வைத்தாள்.

“கட்டை ட்ரேல வைக்கிறதுக்கு முந்தி,” என்று மெல்ல ஆரம்பித்தார், “மேல்தாள்ல மஞ்சளைக் குழைச்சு ஒரு பொட்டு வைப்பேன். பெரிய பிரஸ்ல நாங்க அப்படித்தான் செய்வோம். நல்ல காரியத்துப் பத்திரிகைன்னா மொதல் கட்டுக்கு மஞ்சள் வச்சுத்தான் மிஷினை ஓட்டுவோம். முப்பத்தொரு வருசம். ஒரு தாள்ல ஒரு கறை விழுந்ததில்ல.”

“அங்க மொதல் தாள் என்ன ஆகும்?”

“மொதல் அம்பது தாள் எப்படியும் வேஸ்ட்டுக்குத்தான் போகும். மை கட்டுப்பட்டு, நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற வரைக்கும் ஓடுற தாளு. மஞ்சள் அதோட போயிரும்.”

“இங்க?”

“இங்க...” அவர் தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தார். “இங்க மொதல் தாளே வேலைத்தாள்.”

“உள்ள என்ன இருக்கு?”

“அடுப்பு,” என்றார் தனுஷ்கோடி. “உள்ள அடுப்பு இருக்கு. அந்தச் சூட்டு உருளையில ஈர மஞ்சள் ஒட்டிச் சுட்டுப்போயிருது.”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வாடிக்கைக்காரங்க வேலைக்கு நான் வைக்கிறதில்ல, தாயி. அவங்க வீட்டுல அவங்க வச்சுக்குவாங்க. இது என் வீட்டுப் பத்திரிகையாச்சேன்னு வச்சேன்.”

“எந்த இடத்துல?”

“வலது கீழ் மூலையில.”

“ஏன் அந்த மூலை?”

“பேர் வர்ற மூலை.”

அவர் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

“டோனர் மாத்தினதும் வச்சேன். டிரம் மாத்தினதும் வச்சேன். பியூசரைத் துடைச்சுட்டு வச்சேன். கறை விழ விழ, சாமிக்குக் குறை வச்சுட்டோமோன்னு இன்னும் கொஞ்சம் அள்ளி வச்சேன்.”

சண்முகக்கனி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் அவள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தது அப்போதுதான்.

“இதை ஏன் அண்ணாச்சி மொத நாளே சொல்லல?”

“நீ கோளாறைத்தானே கேட்ட?”

அவள் தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தாள்.

“அது நான் கேட்டதுல இருந்த கோளாறு,” என்றாள்.

தனுஷ்கோடி எழுந்தார். வேட்டியைத் தட்டினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“மஞ்சள் வைக்காம எப்படித் தாயி ஆரம்பிக்கிறது? பொண்ணு கல்யாணம்.”

“அடிச்சு முடிச்சு, சூடு ஆறினதும் வைங்க. நாலு மூலைக்கும் வைங்க. ஊர் பூரா அப்படித்தானே வைக்குது.”

ஊர் பூரா அப்படித்தான் வைக்கிறது. அவருக்கும் தெரிந்ததுதான்.

*

ரத்தினவேல் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே வந்துவிட்டார். மத்தியானம் என்று சொல்லியிருந்தும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தது பொறுக்க முடியாமல்தான்.

“என்ன சம்பந்தி, நம்ம மிஷினை ரெடி பண்ணச் சொல்லிரட்டுமா?”

தனுஷ்கோடி ஒரு பத்திரிகையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் பேசாமல் இருந்த நாட்கள் குறைவு.

ரத்தினவேல் சட்டைப் பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்தார். அந்த ஊரில் அச்சுத் தொழில் பார்க்கிறவர்கள் பத்திரிகையைப் படிக்க மாட்டார்கள், புள்ளியைப் பார்ப்பார்கள். அவரும் பிள்ளையாரின் தும்பிக்கையைப் பார்த்தார். பெண்ணின் பெயரைப் பார்த்தார். தாளைத் திருப்பி முதுகைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். லென்ஸை ஓரம் முழுக்க நகர்த்தினார்.

“யார்கிட்ட குடுத்து ஓட்டினீங்க?”

“கீழ பேர் போட்டிருக்கு, பாருங்க.”

ரத்தினவேலின் லென்ஸ் வலது கீழ் மூலைக்கு வந்து நின்றது. அங்கே அந்த எறும்பு எழுத்து ஒவ்வொன்றும் கால் கை உடையாமல் நின்றது.

“இந்த மிஷின்லயா?”

மூலையில் அந்தப் பழைய மிஷின் மூடி மஞ்சளித்து, ஒரு பக்கம் டேப் ஒட்டி உட்கார்ந்திருந்தது.

“இதுலதான்.”

“நானூறு பத்திரிகையுமா?”

“நானூறும். எந்தக் கட்டுல வேணாலும் உருவிப் பாருங்க.”

ரத்தினவேல் உண்மையாகவே உருவிப் பார்த்தார். இரண்டாவது கட்டின் நடுவில் ஒன்று, கடைசிக் கட்டின் மேலே ஒன்று. பிறகு லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நல்லா இருக்கு சம்பந்தி,” என்றார். அச்சு விஷயத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது சுலபம் இல்லை.

தனுஷ்கோடிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏன் மறைக்க வேண்டும், அப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கடை திறந்த அன்றுகூட வந்ததில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்ற முத்துமீனா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னமோ கோளாறுன்னு பேசிக்கிட்டாங்களே?” என்றார் ரத்தினவேல் கிளம்பும்போது.

“சின்னக் கோளாறு. சரியாப் போச்சு.”

அதைச் சொல்லும்போது தனுஷ்கோடியின் நாக்கு கொஞ்சம் புரண்டது. சம்பந்தி அதைக் கவனிக்கவில்லை.

*

சாயங்காலம் வெற்றிலை பாக்குத் தட்டோடு படியேறினார்.

“மொதல் பத்திரிகை குலசாமிக்கு. ரெண்டாவது தாய்மாமனுக்கு. மூணாவது உனக்கு, தாயி. குடும்பத்தோட வரணும்.”

சண்முகக்கனி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று வாங்கினாள். நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. வலது ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். தொழில் பழக்கம், என்ன செய்வது.

அவர் ஸ்கேலை எடுத்து மேஜையில் வைத்தார்.

“சம்பந்தி லென்ஸ் வச்சுப் பாத்தார். ஒண்ணும் கிடைக்கல.”

“என்ன கோளாறுன்னு கேட்டாரா?”

“கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

தனுஷ்கோடி ஜன்னலைப் பார்த்தார்.

அவள் அலமாரிப் பக்கம் போனாள். அங்கே அடுக்கி வைத்திருந்த தாள் கட்டிலிருந்து இரண்டாம் எண்ணை உருவினாள். மூன்று கறையும் முழுதாக இருந்த தாள். சுவரில், எலிக்குப் பக்கத்தில், நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினாள்.

பேனாவை அவரிடம் நீட்டினாள்.

“காரணம் எழுதணும், அண்ணாச்சி. அவங்கவங்க தாளுக்கு அவங்கவங்கதான் எழுதுவாங்க.”

“இங்க ஊர் பிரஸ்காரங்க எல்லாம் வருவாங்களே.”

“வருவாங்க. போன மாசம் உங்க சம்பந்தி ஆபீஸ் பிரிண்டரைத் தூக்கிட்டு வந்தார்.”

தனுஷ்கோடி பேனாவை வாங்கிக்கொண்டு சுவர் முன்னால் நின்றார்.

“பியூசர்னு போடவா?”

“பியூசர் பாவம்.”

“மஞ்சள்?”

“மஞ்சள் தானா நடந்து போய் ட்ரேல ஏறுச்சா?”

தனுஷ்கோடி சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் சுவரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தார். டிரம், பெல்ட், ஈரம், எலி. எத்தனையோ பேர் கொண்டு வந்த எத்தனையோ தாள்கள். அந்தச் சுவர் முழுக்க ஒரு மனிதர் பெயர் இல்லை.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அடியில் காரணம் எழுத விட்டிருந்த இடத்தை விட்டுவிட்டுத் தாளின் வலது கீழ் மூலைக்குக் குனிந்தார். மூன்றாவது கறைக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் எழுதினார்.

‘தனுஷ்கோடி, மீனா பிரிண்டர்ஸ்.’

நிமிர்ந்து தள்ளி நின்று பார்த்தார். எழுத்து நேராக இருந்தது. காலையில் சம்பந்தியின் கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு எப்படி நின்றாரோ அப்படியே நின்றார்.

சண்முகக்கனி பக்கத்தில் வந்து படித்தாள்.

“செல் நம்பர் போடலையே, அண்ணாச்சி.”

“அது எதுக்கு?”

“இனிமே மஞ்சக் கறையோட யாராவது வந்தா உங்ககிட்டல்ல அனுப்பணும்.”